கார்டியோ-பல்மனரி பிசியோ: இங்கே எம்.பி.டி.யா, அமெரிக்காவில் ரெசிடென்சியா? மலையிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரி_லைன்வீடு எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இது என் முதல் இழை, கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) நாலு வருஷம் முடிச்சு இன்டர்ன்ஷிப்ல இருக்கேன், இன்னும் ஏழு வாரம் பாக்கி. வீடு கோத்தகிரி பக்கம். அப்பா டான்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) எஸ்டேட்ல வேலை. தாத்தாவும் அப்பாயியும் சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையிலிருந்து கப்பல்ல வந்தவங்க. இன்னும் லைன் வீடுதான். எங்க வீட்டுல முதல் டிகிரி நான்.

எலும்பு, நரம்பு, குழந்தைகள்னு எல்லா போஸ்டிங்கும் பார்த்தாச்சு. மனசு ஒட்டினது ஐ.சி.யூ.ல மட்டும். வயித்துல ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர், மூணாம் நாள். இடது நுரையீரல் அடியில சளி அடைச்சுக் கிடக்கு. தையல் பிரிஞ்சிடும்னு இருமவே மாட்டேங்கிறார். சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் சதவீதம்) 89. சீனியர் அக்கா என் கையை எடுத்து அவர் விலாவுல வச்சு, "அமுக்காத, சும்மா வச்சுக் கேளு"ன்னாங்க. கையால எப்படிக் கேக்குறதுன்னு முழிச்சேன். அவர் மூச்சு இழுத்தப்ப உள்ளங்கைக்கு அடியில கரகரன்னு ஒண்ணு நகர்ந்துச்சு, ஈர மணல் மூட்டையை இழுக்கிற மாதிரி. தலையணையை வயித்தோட கட்டிப் பிடிக்க வச்சு, மூணு ஆழ மூச்சு, பிறகு வாயைத் திறந்து ஒரு "ஹா". நாலாவது தடவைல ட்ரேயில அரை ஸ்பூன் பச்சையா வந்து விழுந்துச்சு. மறுபடி கை வச்சேன், கரகரப்பைக் காணோம். 94. அன்னைக்கு ஹாஸ்டலுக்கு எந்த வழியா நடந்து போனேன்னே ஞாபகம் இல்ல.

இப்போ கேள்விக்கு வரேன். இங்கேயே எம்.பி.டி. (முதுகலை) கார்டியோ-ரெஸ்பிரேட்டரி, அதாவது இதயம்-மூச்சுப் பிரிவு, ரெண்டு வருஷம் படிக்கிறதா? இல்ல, அமெரிக்காவுல கார்டியோ ரெசிடென்சின்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு முயற்சி பண்றதா? ஒரு கன்சல்டன்சில, "பி.பி.டி. போதும், நேரா ரெசிடென்சில உக்கார வச்சிடுறோம், முன்பணம் 75 ஆயிரம்"ங்கிறாங்க. அப்பா பி.எஃப்.ல கடன் போடுறேன்னு சொல்றார். எனக்குத்தான் பக்குன்னு இருக்கு. எது படிச்சாலும் திரும்பி மலைக்கு வந்தா இந்த வேலை இருக்குமா, இல்ல முழங்கால் வலிக்கு ஐ.எஃப்.டி. கரண்ட் மெஷின் ஒட்டிட்டுத்தான் உக்காரணுமா?

---

கட்டை_விரல் எழுதியது:

நெஞ்சுக்கு பிசியோவா? டாக்டர் மாத்திரை குடுப்பார், நர்ஸ் நெபுலைசர் வைப்பாங்க, நடுவுல நீங்க என்ன பண்ணுவீங்க? முதுகு வலி, முட்டி வலிக்கு கிளினிக் போடுங்க தங்கச்சி. சீசன்ல டூரிஸ்ட்டே கணுக்கால் சுளுக்கிட்டு வந்து நிப்பான்.

---

ஓஹையோ_ஊட்டிக்காரி எழுதியது:

கட்டை விரல் அண்ணனுக்குப் பிறகு பதில் சொல்றேன். முதல்ல அந்த 75 ஆயிரம். ஒரு ரூபா கூடக் கொடுக்காதே பாப்பா. "நேரா ரெசிடென்சி" என்று ஒரு கதவே கிடையாது. நான் அந்த வழியில் முழங்கால் தேய வந்தவள், அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ரெசிடென்சி என்பது லைசென்ஸ் வாங்கின பிசியோவுக்கான அடுத்த படி. இங்கே படிக்கிறவர்கள் மூன்று வருஷ டி.பி.டி. (பிசியோ டாக்டர் பட்டம்) முடித்து, என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வு எழுதி, அதன் பிறகே இதற்கு மனுப் போடுவார்கள். நம் ஊரில் படித்தவர்களுக்கு அதற்கும் முன்னால் ஒரு சுற்று இருக்கிறது. நீ படித்த ஒவ்வொரு பாடமும் அவர்கள் டி.பி.டி.க்குச் சமமா என்று சான்றிதழ் மதிப்பீடு செய்வார்கள். நம் நாலு வருஷ பி.பி.டி.யை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் குறை விழும். எனக்கு விழுந்தது. கூடுதல் பாடம் கட்டி, காசு கட்டி நிரப்பினேன். அப்புறம் ஆங்கிலத் தேர்வு, பிறகு என்.பி.டி.இ. 200 முதல் 800 வரை உள்ள அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. அதற்குப் பிறகு மாநில லைசென்ஸ். இவ்வளவும் ஆன பிறகுதான் ரெசிடென்சி வாசல்.

அந்த வாசலும் குறுகல். எலும்பு மூட்டுப் பிரிவில் ரெசிடென்சி ஏராளம், இதயம்-நுரையீரலுக்கு அதில் ஒரு துளி. பெரும்பாலும் ஒரு வருஷப் படிப்பு. சம்பளம் உண்டு, ஆனால் சாதாரண பிசியோ வாங்குவதைவிடக் குறைவு. விசா தலைவலி தனி. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்களே, ஒரு வருஷ ரெசிடென்டுக்காக அதை எந்த ஆஸ்பத்திரி கட்டும்?

அப்படியானால் எதற்கு இந்த ரெசிடென்சி என்று கேட்பாய். அங்கீகாரம் பெற்ற எந்த ரெசிடென்சியிலும் குறைந்தது 1,500 மணி நேரம் நோயாளி வேலை, 300 மணி நேரம் பாடம், 150 மணி நேரம் ஒருவருக்கு ஒருவர் வழிகாட்டல் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த 150-தான் விஷயம். ஒரு மூத்த பிசியோ உன் தோளுக்குப் பின்னால் நிற்பார், கையை நீட்ட மாட்டார். என் முதல் வாரம்: இதய ஆபரேஷன் ஆனவரைக் கட்டிலில் உட்கார வைத்தேன், நடக்க வைத்தேன், எல்லாம் சுபம் என்று வெளியே வந்தேன். மென்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவரை எழுப்புவதற்கு முன்னால் மானிட்டரில் என்ன பார்த்தாய்?" நான் இதயத் துடிப்பு எண்ணைச் சொன்னேன். "எண்ணைக் கேட்கவில்லை, ரிதம் என்ன?" எனக்குத் தெரியவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) ஓடிக்கொண்டிருந்தது, நான் பார்க்கவே இல்லை. திட்டவில்லை. மறுநாளும் அதே அறை வாசலில் நிறுத்தி அதே கேள்வி. மூன்று மாதம் தினமும் கேட்டார்.

முடித்த பிறகு இதய-நுரையீரல் நிபுணர் தேர்வு எழுதலாம். ரெசிடென்சி செய்யாதவர்கள் 2,000 மணி நேரம் இந்தப் பிரிவிலேயே வேலை பார்த்த கணக்கைக் காட்டி எழுதலாம். அமெரிக்க பிசியோக்களிடையே நிபுணர் தேர்வு என்பதே இந்தப் பிரிவில்தான் முதலில் தொடங்கியது, 1985-ல். அந்த வருஷம் சான்று பெற்றவர்கள் மூன்றே பேர். இன்றும் இது சின்னக் கூட்டம்தான்.

கட்டை விரல் அண்ணே, வென்டிலேட்டரில் இருக்கிறவரை எழுப்பி நாலடி நடக்க வைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

---

கட்டை_விரல் எழுதியது:

வென்டிலேட்டரோட நடக்க வைப்பீங்களா? சரி, நான் வாயை மூடிக்கிறேன்.

---

கோவை_நைட்ஷிப்ட் எழுதியது:

ஓஹையோ அக்கா சொன்னதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா எம்.பி.டி.யைப் பத்தி யாரும் பேசலயே. நான் கோவைல கார்டியோ தொராசிக் ஐ.சி.யூ.ல இருக்கேன், எம்.பி.டி. கார்டியோ-ரெஸ்பிரேட்டரி முடிச்சவன். மனசுல பட்டதைச் சொல்றேன்.

எம்.பி.டி.ல காலேஜைப் பார்க்காத, ஆஸ்பத்திரியைப் பாரு. நான் படிச்ச இடத்தோட பேர் வேணாம். பிராஸ்பெக்டஸ்ல கார்டியோ-ரெஸ்பிரேட்டரின்னு பெருசா போட்டிருப்பாங்க. உள்ள போனா இதய ஆபரேஷன் தியேட்டரே கிடையாது. ரெண்டு வருஷத்துல நான் பார்த்த பைபாஸ் கேஸ் ஏழு. அதுவும் வேற ஆஸ்பத்திரிக்கு வெளி போஸ்டிங் போனதுல. மீதி நேரமெல்லாம் ஓ.பி.ல கழுத்துக்கு ட்ராக்ஷன் போட்டேன். கத்துக்கிட்டது எல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு பெர்ஃப்யூஷனிஸ்ட் (ஆபரேஷன்ல இதய-நுரையீரல் மெஷினை ஓட்டுறவர்) அண்ணன்கிட்டயும் ரெண்டு நைட் சிஸ்டர்கிட்டயும்.

அதனால சேர்றதுக்கு முன்ன அங்க படிக்கிற சீனியர் யாரையாவது பிடிச்சு, "வாரத்துக்கு எத்தனை நாள் ஐ.சி.யூ.? பக்கத்துல நிக்கிற சார் யாரு? அவர் பேஷண்ட் மேல கை வைப்பாரா, இல்ல தீசிஸ்ல கையெழுத்து மட்டும் வைப்பாரா?"ன்னு கேளு. பதில் இழுத்தா விட்டுடு.

இன்னொண்ணு. எம்.பி.டி.க்கு முன்னாடி ஒரு வருஷம் ஐ.சி.யூ.ல வேலை பாரு. சம்பளத்தைச் சொன்னா அழுதுடுவ, ஆனா கை வரும்.

---

மலைரயில்77 எழுதியது:

அம்மா, நான் வைத்தியம் படித்தவன் இல்லை. வைத்தியம் பார்த்துக்கொண்டவன். அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நாலு வருடத்துக்கு முன் கோவையில் பைபாஸ் ஆனது.

ஆபரேஷன் எல்லாம் ஜோராகத்தான் முடிந்தது. ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். கல்லார் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும்தான் தெரிந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் நெஞ்செலும்பு இரண்டு துண்டாக அசைகிற மாதிரி. ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பையன், பிசியோதான், தலையணை ஒன்றைக் கொடுத்து "இருமும்போது கட்டிப்பிடிங்க தாத்தா" என்று சொல்லியிருந்தான். குன்னூர் வரும்வரை அதைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் என் கஷ்டம். எங்கள் வீடு ரோட்டிலிருந்து 54 படி கீழே. மலையில் வீடு கட்டினவர்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு மேலே இல்லாவிட்டால் கீழே. டிஸ்சார்ஜ் சீட்டில் "தினமும் சமதளத்தில் நடக்கவும்" என்று எழுதியிருந்தது. சமதளத்துக்கு நான் எங்கே போவேன்? இரண்டு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. படியில் விழுந்து செத்துவிடுவேன் என்று பயம். மகன் போன் பண்ணினால் நன்றாக இருக்கிறேன் என்பேன்.

பிறகு ஒரு பெண் வந்தாள், உன்னை மாதிரிதான் இருப்பாள். என் மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரை துடிப்பைக் கட்டிப்போடும், அதனால் நாடி பிடித்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, பேசிக்கொண்டே ஏறுங்கள்" என்றாள். ஐந்து படி, நிற்க, ஒரு வாக்கியம் பேச. வாக்கியம் நடுவில் முறிந்தால் வேகம் அதிகம். எனக்கு ரயில் நிலையங்களின் பெயர் சொல்லப் பிடிக்கும். மேட்டுப்பாளையம், கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர். முதல் வாரம் ஹில்குரோவில் மூச்சு முட்டியது. ஆறாவது வாரம் குன்னூர் தாண்டி வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று சொல்லி ரோட்டில் போய் நின்றேன். டீக்கடைக்காரன் "என்ன சார், ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றான்.

மலையில் வேலை இருக்குமா என்று கேட்டாயே, அதற்குத்தான் இதை எழுதினேன்.

---

லண்டன்_குளிர் எழுதியது:

சின்னத் தகவல். இங்கிலாந்தில் ரெசிடென்சி என்ற பெயரே கிடையாது. எச்.சி.பி.சி. (பிசியோக்களைப் பதிவு செய்கிற அமைப்பு) பதிவு வாங்கி பேண்ட் 5 என்ற ஆரம்பநிலை வேலையில் சேர்ந்தால் பிரிவு பிரிவாகச் சுற்றவிடுவார்கள். சுவாசப் பிரிவு சுற்று வரும்போது இரவு ஆன்-கால் வரும். நள்ளிரவில் போன் அடித்து "சளி எடுக்க வா" என்பார்கள். கற்றுக்கொள்ள அதைவிட வேறு இடம் இல்லை. ஆனால் இப்போது இங்கே படித்து முடித்த பிள்ளைகளுக்கே பேண்ட் 5 கிடைப்பது திண்டாட்டமாக இருக்கிறது. நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

---

கூடலூர்_மழை எழுதியது:

தங்கச்சி, நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ. 2021 ஆகஸ்டில் திட்டம் ஆரம்பித்தபோது வீட்டுக்கே போய் பிசியோ என்றதும் எல்லாரும் பக்கவாதம், படுத்த படுக்கை என்றுதான் நினைத்தோம். போய்ப் பார்த்தால் மூச்சு வாங்குகிற கேஸ் வீட்டுக்கு வீடு. பீடி ஒரு பக்கம். பீடியே தொடாத பெண்கள் இன்னொரு பக்கம், நாற்பது வருஷம் விறகடுப்பு. குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். புகைக்குப் போக வழி அவர்கள் நெஞ்சுதான்.

எங்கள் பக்கம் இன்னொரு விஷயம், அரிவாள் செல் ரத்தசோகை. பணியர், குறும்பர் போன்ற ஆதிவாசி மக்களிடம் உண்டு. வலி வந்து விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்தால் ஆழமாக மூச்சு விட மாட்டார்கள், வலிக்கும். மூச்சு மேலோட்டமாகவே போனால் நுரையீரல் அடி சுருங்கும், அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம் என்ற நுரையீரல் ஆபத்து வரைக்கும் போகும். உயிரையே வாங்கிவிடும். இதற்கு அந்த மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை (மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை உயர்த்துகிற சாமான்) பகல் முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தரம், பத்து இழுப்பு என்று கொடுத்தால் சிக்கல் குறைகிறது என்று 1995-லேயே ஆய்வு வந்துவிட்டது. நூறு, இருநூறு ரூபாய் பிளாஸ்டிக். ஆனால் பாதிப் பேர் அதை ஊதுவார்கள்! பந்து அசையாது, "சாமான் கெட்டுப்போச்சு" என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். நான் இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் காட்டித்தான் இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

உனக்கு அமெரிக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே கேஸுக்குப் பஞ்சம் இல்லை என்கிறேன். பஞ்சம் எதற்கு என்றால், நான் செய்வது சரியா தப்பா என்று சொல்ல ஒருவர் இல்லை.

---

கோவை_நைட்ஷிப்ட் எழுதியது:

கூடலூர் அண்ணா, ஒரு சந்தேகம். வீட்டுல நடக்க வைக்கும்போது சாச்சுரேஷன் எவ்வளவுல நிறுத்துறீங்க? எங்க யூனிட்ல 90-க்குக் கீழ போனாலே உக்கார வச்சிடுவோம்.

---

ஊட்டி_வாத்தியார் எழுதியது:

குறுக்கே புகுந்து பதில் சொல்கிறேன். அந்த 90-ஐ மலையில் அப்படியே கொண்டுவந்து வைத்தால் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் பாதிக் கிழவர்களை உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் என்றால் இங்கே 580 சொச்சம். ஆக்சிஜன் விகிதம் எங்கும் 21 சதவீதம்தான், ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வருகிற அழுத்தம் முக்கால் பங்காகிவிடுகிறது. கோவையில் 98 காட்டும் ஆள் இங்கே 94, 95 காட்டுவார். அவருக்கு ஒன்றும் இல்லை. கோவையில் 91-ல் டிஸ்சார்ஜ் ஆன சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளி மேலே வந்ததும் 86 காட்டுவார். அவருக்கு இருக்கிறது. ஆக்சிஜன் அழுத்தத்தையும் சாச்சுரேஷனையும் சேர்த்து வரைகிற வளைவு சரியத் தொடங்குகிற இடம் அது. அதற்குக் கீழே அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் சாச்சுரேஷன் சட்டென்று இறங்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல், ஆறு நிமிட நடைச் சோதனை, அதாவது ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது. 30 மீட்டர் சமதள வராந்தா வேண்டும். எங்கள் ஊரில் 30 மீட்டர் சமதளம் இருந்தால் அங்கே ரிசார்ட் கட்டியிருப்பார்கள். 12 மீட்டரில் நடக்கவிட்டால் திரும்புவதிலேயே நேரம் போய் தூரம் குறையும். நோயாளிக்குக் குணமாகவில்லை என்று நினைத்துக்கொள்வோம். எந்த இடத்தில் முதல் தடவை செய்தோமோ அதே இடம், அதே நீளம், அதே நேரம். அதை விட்டால் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

---

கோவை_நைட்ஷிப்ட் எழுதியது:

சார், உயரக் கணக்கு புரியுது. ஆனா "மலைல இதெல்லாம் சகஜம்"னு சொல்லிச் சொல்லியே நிஜமாவே ஆக்சிஜன் தேவைப்படுறவங்களை வீட்டுல விட்டுடுறோமோன்னு பயமா இருக்கு. போன குளிர்காலம் அப்படி விட்ட ஒருத்தரை எங்க ஐ.சி.யூ.லதான் பார்த்தேன். உதடு நீலம்.

---

ஊட்டி_வாத்தியார் எழுதியது:

அந்தப் பயம் நியாயம். அதனால்தான் ஓய்வில் எவ்வளவு, நடக்கும்போது எவ்வளவு, மீண்டும் ஏற எத்தனை நிமிடம் என்று மூன்றையும் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஓய்விலேயே 88-ஐ ஒட்டி இருந்தால் பிசியோ வேலை அப்புறம், டாக்டர் முதலில். ஓய்வில் சரியாக இருந்து நடக்கும்போது 80-க்குக் கீழே போனால் சோதனையை நிறுத்து என்று 2014-ல் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் சங்கங்கள் சேர்ந்து போட்ட நெறிமுறையே சொல்கிறது. அது சோதனையை நிறுத்துகிற எண். தினப் பயிற்சிக்கான எண் இல்லை. இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறைய.

---

கேத்தி_அக்கா எழுதியது:

எல்லாரும் பெரிய பெரிய விஷயமா பேசுறீங்க. கண்ணு, பி.எஃப்.ல கை வைக்க விடாத. ரிட்டயர் ஆனா லைன் வீட்டைக் காலி பண்ணணும், அப்ப அந்தக் காசுதான் கூரை. என் கொழுந்தனார் பொண்ணும் இப்படித்தான் ஒரு ஏஜென்ட்கிட்ட கட்டினா. வாங்கினவன் போனே எடுக்கல.

ஊட்டில புது மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 2025-ல திறந்தாங்களே, 700 படுக்கைன்னாங்க. அங்க பிசியோ வேலை இருக்கான்னு யாராவது விசாரிச்சுச் சொல்லுங்களேன். முன்னெல்லாம் நெஞ்சு வலின்னா கோயமுத்தூருக்குத்தான் அனுப்புவாங்க. மழைல மரம் விழுந்து ரோடு அடைச்சா ஆம்புலன்ஸ்லயே விடிஞ்சிடும்.

---

நெறியாளர்:

"உறுதியான ரெசிடென்சி இடம்" என்று இந்த இழையில் போன் நம்பரோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் கணக்கை முடக்குவேன்.

---

கோத்தகிரி_லைன்வீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போட முடியல, டூட்டி.

அப்பாகிட்ட கேத்தி அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. சாயந்திரம் பி.எஃப். பாரத்தை மடிச்சு காலண்டருக்குப் பின்னாடி சொருகி வச்சார். கன்சல்டன்சிக்கு வேணாம்னு சொல்லிட்டேன்.

கோவை அண்ணா சொன்ன கேள்விகளை மூணு காலேஜ் சீனியர்ஸ்கிட்ட கேட்டேன். ஒரு இடத்துல "பக்கத்துல சாரா? எங்களுக்கே இன்னும் முகம் தெரியாது"ன்னு சிரிச்சாங்க. இன்னொரு இடத்துல வாரம் நாலு நாள் ஐ.சி.யூ., ஒரு மேடம் காலைல ஏழு மணிக்கே வந்து நிப்பாங்களாம், எக்ஸ்ரே வாசிக்காம பேஷண்டைத் தொட விட மாட்டாங்களாம். அவங்களுக்கு பயந்து போன வருஷம் ஒரு பையன் ஸ்போர்ட்ஸுக்கு மாறிட்டானாம். அங்கதான் அப்ளிகேஷன் போடப் போறேன். அதுவரைக்கும் கோவைல ஒரு ஐ.சி.யூ.ல டிரெய்னியா கேட்டிருக்கேன். சம்பளத்தைக் கேட்டு அழல அண்ணா, ஆனா ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். அமெரிக்காவை மறக்கல. அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்.

இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை அப்பாயிக்கு ஆறு நிமிட நடை செஞ்சு பார்த்தேன். வாத்தியார் சொன்னது சத்தியம், எங்க டிவிஷன்ல 30 மீட்டர் சமதளம் ஒரே இடம்தான், இலை எடை போடுற கொட்டகை முன்னாடி. அப்பா டேப் பிடிச்சார், ரெண்டு பக்கமும் இலைக் கூடையைக் கவுத்து வச்சோம். விதிப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை "நல்லா பண்றீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லணும். அப்பாயி எதிர்ல வர்ற எல்லாரையும் நிறுத்தி "என் பேத்தி பரிட்சை வைக்கிறா"ன்னு சொல்லிட்டு இருந்துச்சு. 222 மீட்டர். ரெண்டு தடவை நின்னுச்சு. கடைசில சாச்சுரேஷன் 85.

---

ஓஹையோ_ஊட்டிக்காரி எழுதியது:

கொட்டகை, கூடை எல்லாம் அருமை. இப்போது பதில் சொல். ஆரம்பிக்கும்போது சாச்சுரேஷன் எவ்வளவு? நடக்கவிடுவதற்கு முன் பி.பி. பார்த்தாயா? கடைசி ஒரு மாதத்தில் நெஞ்சு வலி ஏதாவது வந்ததா என்று கேட்டாயா? நின்றது மூச்சுக்காகவா, காலுக்காகவா, கதை பேசவா? நின்ற நேரத்திலும் கடிகாரம் ஓடியதா? முடிந்த பிறகு பழைய எண்ணுக்கு வர எத்தனை நிமிடம்? 0-விலிருந்து 10 வரை மூச்சு வாங்கல் எவ்வளவு என்று சொன்னார்கள்? காலில் என்ன?

---

கோத்தகிரி_லைன்வீடு எழுதியது:

ஆரம்பத்துல 92. பி.பி. பார்த்தேன், 140/84. நெஞ்சு வலி கேக்கல அக்கா. தப்புதான். இப்போ கேட்டேன், இல்லையாம். முதல் தடவை நின்னது கதை பேச, ரெண்டாவது மூச்சுக்கு. கடிகாரத்தை ரெண்டு தடவையும் நிறுத்திட்டேன். மூச்சு வாங்கல் 5-ன்னு சொல்லிட்டு, பக்கத்து வீட்டு அம்மா வந்ததும் 2-ன்னு மாத்திச்சு. எத்தனை நிமிஷத்துல ஏறுச்சுன்னு பார்க்கல. ரெண்டு நிமிஷத்துல டீ குடுத்துட்டோம்.

கால்ல ஒண்ணும் இல்ல. வெறுங்கால்.

---

ஓஹையோ_ஊட்டிக்காரி எழுதியது:

கடிகாரத்தை நிறுத்தினால் அது ஆறு நிமிட நடை இல்லை, 222-ஐ அடித்துவிடு. அடுத்தது கோத்தகிரியில் டாக்டரிடம் காட்டி, 85 வரை இறங்குகிறது என்று சொல்லி, இன்ஹேலர் எடுக்கிறார்கள் என்றால் அதைச் சரியாக இழுக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான். அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை, நடுவில் அரை மணி ஓய்வு. முதல் தடவையில் எல்லாரும் தயங்கித் தயங்கித்தான் நடப்பார்கள், அதனால் அதிகமானதை எடுத்துக்கொள்வோம். டீ அதற்கப்புறம்.

---

கோத்தகிரி_லைன்வீடு எழுதியது:

சரி அக்கா. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அப்பாயி இப்பவே செருப்பு வாங்கிக் குடுன்னு கேக்குது.

---

மலைரயில்77 எழுதியது:

பேச வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள் அம்மா. நடக்கும்போது ஸ்டேஷன் பெயர் சொல்லச் சொல்லிப் பார்.

---

ஓஹையோ_ஊட்டிக்காரி எழுதியது:

ஐயா, பயிற்சிக்குச் சரி. சோதனையில் கூடாது.